கணனிக்குள் இருக்கும் கடன் கணக்கு

மோட்டார் சைக்கிள் கடையொன்றை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, வரிசையாக நிற்கும் பளபளப்பான வண்டிகள்தாம் அந்தக் கடையின் சொத்தாகத் தெரியும். கடை நடத்துபவருக்கு விடயம் வேறு. அவருடைய பணத்தில் ஒரு பகுதி இறாக்கைகளில் உதிரிப்பாகங்களாகக் கிடக்கிறது. மற்றொரு பகுதி தவணைக் கடனாக ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கத்தில், அவர் இறக்குமதியாளருக்கும் மொத்த வியாபாரிக்கும் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறது. இவை யாவும் ஒரு காலத்தில் தடித்த அட்டை போட்ட கொப்பிகளில் இருந்தன. இன்று மேசையில் இருக்கும் ஒரு கணனிக்குள் இருக்கின்றன.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் என்பது நீங்கள் அறிந்ததே. அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. தவணை குறித்த கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுதவேண்டும், சாட்சிகள் இருக்கவேண்டும் என்றெல்லாம் அது விரிவாகப் பேசுகிறது. அந்த எழுத்தரின் இடத்தில் இன்று ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. அது சரியாக எழுதுகிறதா என்று பார்க்கும் கடமை கடைக்காரரை விட்டு நீங்கிவிட்டதா?

“அதுதான் ஒருமுறை காசு கொடுத்து வாங்கியாச்சே, பிறகென்ன?” என்பார்கள் நம் வியாபாரிகளில் பலர். எஞ்சின் ஒயில் மாற்றாமல் ஓடியதற்காக வாடிக்கையாளரைக் கடிந்துகொள்ளும் அதே ஹாஜியார், தன் கடையின் மென்பொருளைப் பத்து வருடங்களாக எவரிடமும் காட்டியிருக்கமாட்டார். மென்பொருள் வண்டியைப் போலத் தேய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டேயிருக்கிறது.

நம் நாட்டு வற் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் அது 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12 வீதமானது. அதே வருடம் செப்டெம்பரில் 15 வீதமானது. 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்தது. இடையில், 2022 ஒக்டோபரில், சமூகப் பாதுகாப்பு அறவீடு என்று இரண்டரை வீதம் வந்து சேர்ந்தது. வரி வீதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே ஆணியடித்தாற்போல எழுதிவைத்திருந்த கடைகள் ஒவ்வொரு தடவையும் புரோகிராம் எழுதிய தம்பியைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. சிலவற்றில் வீதத்தை மாற்றியவுடன் பழைய பில்களும் புதிய வீதத்தில் அச்சாகத் தொடங்கிவிடும். நல்ல மென்பொருளில் ஒவ்வொரு வீதத்தோடும் “இந்தத் திகதி முதல்” என்ற குறிப்பு சேர்ந்திருக்கும். உங்கள் கடையில் 2023இல் போட்ட ஒரு பில்லை இன்று மறுபடி அச்சிட்டுப் பாருங்கள். அதில் 15 வீதம் வருகிறதா, 18 வருகிறதா?

தேசிய அடையாள அட்டையும் இப்படித்தான். முன்பு ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக மொத்தம் பத்து இடங்கள் போதும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பத்து இடம் மட்டும் ஒதுக்கிய பழைய மென்பொருள், கடைசி இரண்டு இலக்கங்களை ஓசையின்றி வெட்டிவிடுகிறது. பழைய இலக்கத்தில் ஒரு தடவையும் புதிய இலக்கத்தில் மறு தடவையும் பதியப்பட்ட ஒரே மனிதர் இருவராகிவிடுகிறார். அவர் கட்டிய தவணை ஒரு பெயரில் இருக்கும். பாக்கி மறு பெயரில் நிற்கும். பணம் கட்டி முடித்தவரிடம் மீண்டும் கேட்பதைவிட வியாபாரிக்கு வேறு என்ன அவமானம் வேண்டும்?

தவணை வியாபாரத்தில் இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் பலவற்றில், தவணை பிந்தினால் நாளுக்கு இவ்வளவு என்று தாமத வட்டி தானாகவே ஏறும்படி அமைத்திருப்பார்கள். ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் வித்தியாசம் இருப்பதை, ஒப்பந்தத்தின் போதே விலை ஒன்றாக முடிவு செய்யப்படுமானால், பெரும்பான்மையான மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். ஆனால் பிந்தியதற்காகக் கடன் தொகை வளர்வது வேறு விடயம். கடைக்காரர் வட்டி வாங்கும் எண்ணமே இல்லாதவராக இருப்பார். மாத முடிவில் வாடிக்கையாளரின் கணக்குப் பத்திரத்தில் அது ஏறியிருக்கும். காசாளர் அதை அப்படியே வாங்கியும் வைத்திருப்பார். இந்தப் பகுதியை நிறுத்திவைக்க முடியுமா என்று மென்பொருளை வாங்கும் முன்பே கேளுங்கள். முடியாது என்றால் எழுதியவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். அவ்வளவு கடினமான வேலை அல்ல. அதோடு, கடைசித் தவணை கட்டப்பட்ட நாளில், பதிவுப் புத்தகத்திலுள்ள முழு உரிமையாளர் பதிவை நீக்கிக்கொடுக்குமாறு நினைவூட்டும் வசதியையும் சேர்த்துக்கொள்ளலாம். இது பிந்துவதால் வண்டியை விற்க முடியாமல் அலைபவர்கள் உண்டு.

ஸகாத் கணக்குக்கு வருவோம். வியாபாரப் பொருட்களுக்கு ஸகாத் கடமையாகும் நாளில் அவற்றின் அன்றைய சந்தைப் பெறுமதியைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பான்மையோரின் கருத்து. ஆனால் மென்பொருள் காட்டும் கையிருப்புப் பெறுமதி பெரும்பாலும் வாங்கிய விலையே. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனதே, அந்த வருடம் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதாயிருந்திருக்கும்! பழைய விலைக்கு வாங்கிய கிளட்ச் தட்டும் செயினும் இறாக்கையில் இருக்க, கணனி பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தது. அத்துடன் மென்பொருள்கள் ஆங்கில வருடத்தின்படியே முடிவுக் கணக்குப் போடுகின்றன. ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 11 நாட்கள் குறைந்தது. ஆங்கில வருடத்துக்கு ஒரு தடவை இரண்டரை வீதம் கொடுத்துவந்தால், ஏறக்குறைய 33 வருடங்களில் ஒரு முழு வருடத்து ஸகாத் விடுபட்டுப்போகும். நீங்கள் குறிப்பிடும் எந்த நாளுக்கும், அன்றைய விற்பனை விலைப்படி, கையிருப்பைக் காட்டும் ஓர் அறிக்கையைச் செய்து தரும்படி கேளுங்கள். எவருமே கேட்காத, ஓடாத மொடல்களின் உதிரிப்பாகங்களை எப்படிக் கணிப்பது என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பட்டியலே கையில் இல்லாமல் எப்படிக் கேட்பது?

உதிரிப்பாகம் என்றதும் பஞ்சிகாவத்தை நினைவுக்கு வரும். அங்கே எந்தப் பொருள் எந்தப் பெட்டியில் என்று மனனமாகச் சொல்லும் மனிதர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கடைக்கும் அப்படியொருவர் கிடைப்பதில்லை. தயாரிப்பு நிறுவனங்கள் ஒரு பாகத்தின் இலக்கத்தை அடிக்கடி மாற்றுவதுண்டு. பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் இணைத்துக் காட்டாத மென்பொருள், இருக்கும் பொருளை இல்லை என்று சொல்லும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இணையத்தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வருபவர்கள் அதில் அழகைத் தேடுவதில்லை. தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம், ஜும்ஆவுக்காக எப்போது மூடப்படும், இன்ன வண்டி இருக்கிறதா, என்ன விலை, இவைதாம் தேவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் கிடைக்காத வண்டிகளைப் பழைய விலையுடன் காட்டிக்கொண்டிருந்த தளங்கள் வாடிக்கையாளரின் நம்பிக்கையைத்தான் குறைத்தன. தமிழில் எழுதுவதானால் யுனிகோட் எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பாமினியில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் கைத்தொலைபேசியில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் இன்றே விசாரியுங்கள். அமைத்துக் கொடுத்த பையன் தன் பெயரில் பதிந்துவிட்டு கட்டாருக்குப் போயிருந்தால், வருடக் கட்டணம் கட்டும் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும்.

கணக்குகளின் பிரதியை எடுத்துவைப்பதில்தான் நம்மவர்கள் மிகவும் அசட்டை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கணக்குப் பதிந்துகொண்டிருக்கும் போது மின்சாரம் போனால் கோவையே பழுதாகலாம். 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கணனிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. விண்டோஸ் 10க்கான பொதுவான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து அதே மேசை லாச்சியில் போடுவதால் பயனில்லை. தீ வந்தால் இரண்டும் போகும். ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாதது போலத்தான்.

இதற்கெல்லாம் செலவு உண்டு. அதை வருட ஆரம்பத்திலேயே ஒதுக்கி, மென்பொருள் பார்ப்பவரோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். எத்தனை மணித்தியாலத்துக்குள் வரவேண்டும், வரி மாறினால் மாற்றுவது கட்டணத்தில் அடங்குமா, அவர் தொழிலை விட்டால் புரோகிராமின் மூலப்பிரதியை யாரிடம் ஒப்படைப்பார் என்பவை அதில் இருக்கட்டும். “சும்மா ஒரு கோல் எடுத்தேன், வந்து பார்த்துவிட்டுப் போங்க தம்பி” என்று வருடக்கணக்கில் இலவசமாக வேலை வாங்குவது நியாயமுமல்ல, நீடிக்கப்போவதுமல்ல.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. கடைக்காரர் திடீரென வபாத்தானால் என்ன நடக்கும்? சொத்தைப் பங்கிடும் முன் கடன்கள் தீர்க்கப்பட வேண்டும் என்பது மார்க்கத்தின் சட்டம். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும் என்ற பட்டியல் கணனிக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் மையித்தோடு போய்விட்டது. கொடுக்க வேண்டியவர்கள் பலர் தாமாக வந்து சொல்லமாட்டார்கள். வரவேண்டியவர்களோ இத்தாவுக்குள்ளேயே வந்து நிற்பார்கள். எது உண்மை என்று அந்தப் பெண் எப்படி அறிவாள்?

வஸிய்யத் எழுதி வைத்திருக்கும் உறையோடு இன்னொரு தாளும் இருக்கட்டும். மென்பொருளின் கடவுச்சொல், வெளியே இருக்கும் பிரதி எங்கே என்ற விபரம், இணையத்தளத்தின் பதிவு, மென்பொருள் பார்ப்பவரின் தொலைபேசி இலக்கம், இவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றும்போது தாளும் மாறவேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்த மகள் வீட்டில் இருந்தால் இந்தப் பொறுப்பை அவளிடமே கொடுக்கலாம். வருகிற றமழானில், ஸகாத் கணக்குப் பார்க்கும் அந்த நாளிலேயே, நீங்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க, மனைவியோ மகளோ அந்தத் தாளை மட்டும் பார்த்துக் கணனியைத் திறந்து, கடன் பட்டியல் இரண்டையும் அச்சிட்டு எடுக்கட்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ, அதைத் தாளில் சேர்த்து எழுதுங்கள்.