பந்தும் பாதமும்

விளையாட்டு எதுவாயினும் அதற்கு விதிகள் உண்டு. விதியின் காரணத்தை அறியாது ஆடுவோர்க்கு நடுவரின் விசில் விளங்காத மொழியாகவே ஒலிக்கும். கரப்பந்தாட்டத்திலே பந்து கோட்டுக்கு அப்பால் வீழ்ந்ததை வேலியோரத்தில் நிற்பவரும் காண்பர். உதைபந்தாட்டத்திலே பந்து கையிற் பட்டதைச் சிறுவரும் சுட்டிக்காட்டுவர். கூடைப்பந்தாட்டத்தின் நிலை வேறு. நன்றாக ஓடிவந்த வீரன் ஒருவன் பந்தைப் பற்றுகிறான், திரும்புகிறான், மறுபடியும் புறப்படுகிறான். விசில் ஒலிக்கிறது, பந்து எதிர்க்கட்சிக்குக் கொடுக்கப்படுகிறது. பிழை யாதென்பதை அவனும் அறியான்; பார்த்திருந்தோரிற் பலரும் அறியார். சற்று முன்னர் மற்றவன் இதையே செய்தபோது விசில் ஒலிக்கவில்லையே என்ற எண்ணம் எழுகின்றது. நடுவர் ஒருபக்கம் சாய்ந்தார் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்குகின்றது.

இவ்வாறு தோன்றும் மனத்தாங்கல்களுட் பெரும்பாலானவை இரண்டு விதிகளைப் பற்றியவை. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு செல்லும் ‘டிரிபிளிங்’ பற்றியது ஒன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பாதத்தை எல்லைமீறிப் பெயர்க்கும் ‘டிரவலிங்’ பற்றியது மற்றொன்று. முன்னதைத் தட்டல் என்றும் பின்னதை நடைப்பிழை என்றும் இங்கு வழங்குவோம்.

இவை வெவ்வேறு விதிகள் போலத் தோன்றினும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 1891ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலிருந்த வை. எம். சி. ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெயிஸ்மித் என்பார், குளிர்காலத்தில் மண்டபத்தினுள்ளே ஆடத்தக்க ஆட்டமொன்றை வகுத்தார். றகர் போன்ற ஆட்டங்களில் ஒருவரையொருவர் இழுத்து வீழ்த்தும் முரட்டுத்தனம் எதனால் வருகின்றது என்று அவர் சிந்தித்தார். பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான்; அவனை நிறுத்துவதற்கு வீழ்த்துதலன்றி வேறு வழியில்லை. பந்தோடு ஓடுதலே இல்லையாயின் வீழ்த்தவேண்டிய தேவையும் இல்லை. ஆகவே அவர் எழுதிய 13 விதிகளுள், பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்திலிருந்தே எறிதல் வேண்டும் என்பது ஒன்றாயிற்று. விரைந்து வருகையிற் பிடித்தவன் நிற்பதற்கு முயன்றானாயின் அவனுக்குச் சிறிது சலுகை உண்டு என்பதையும் அவர் அங்கேயே சேர்த்தார். இன்று ‘இரண்டு அடி’ என்று பேசப்படுவதன் வித்து அச்சலுகையே.

அவ்விதிகளில் இன்றுள்ளதுபோன்ற தட்டல் இல்லை. எதிரிகளிடையே அகப்பட்டுக்கொண்ட வீரர், பந்தைத் தரையில் எறிந்து தாமே மீட்டெடுத்த தந்திரம்தான் பின்னர் தட்டலாக வளர்ந்தது. யேல் பல்கலைக்கழக அணியினர் 1890களின் பிற்பகுதியில் அதனைத் திறம்படக் கையாண்டனர். இது ஆட்டத்தின் இயல்பைக் கெடுக்கும் என்று அஞ்சியோரும் இருந்தனர். 1927இல் அமெரிக்க விதிக்குழு தட்டலை ஒரேயொரு துள்ளலாகக் குறுக்க முனைந்து, எதிர்ப்பு வலுத்தமையாற் கைவிட்டது. தந்திரமாகப் பிறந்த ஒன்று சட்டத்தின் உள்ளே இடம்பெற்ற வரலாறு இது.

தட்டலுக்கு ஏன் இடம் கொடுத்தார்கள்? ஆனையிறவை அறிந்தோர்க்கு இதனை விளக்குவது எளிது. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய வாயில் அது. ஒல்லாந்தர் அங்கே கோட்டை அமைத்துப் போக்குவரவைக் கண்காணித்தனர். 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் போர்ச் செய்திகளால் அவ்விடத்தின் பெயர் உலகமெங்கும் பரவிற்று. இத்தகைய வாயிலிலே வெறுங்கையோடு வருபவனைவிடச் சுமையோடு வருபவனையே காவலர் மறிப்பர் என்பது யாவரும் கண்டது. கூடைப்பந்தாட்டக் களமும் அவ்வாறானதே. வெறுங்கையன் எங்கும் ஓடலாம். பந்துள்ளவன் ஓட விரும்பினால் விலை கொடுத்தல் வேண்டும். பந்தைக் கையிலிருந்து விடுவதே அவ்விலை. தரையிற் பட்டு எழும் கணத்தில் பந்து அவன் பிடியில் இல்லை. எதிரி கைநீட்டிப் பறிக்கலாம். அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்பவனுக்கே வழி திறக்கின்றது. இவ்வொரு கருத்தை மனத்திற் கொண்டால் எஞ்சிய விதிகள் தாமே நிரல்படும்.

முதலிலே தட்டல். பந்து கையிற் படாதிருக்கும் நேரத்தில் எத்தனை அடி வைத்தாலும் குற்றமில்லை. ஒரு தட்டுக்கு இத்தனை அடி என்று கணக்கிடும் மாணவர் பலர் உளர்; அப்படியொரு கணக்கு விதியில் இல்லை. விலை கொடுத்தாயிற்று, ஓடலாம். ஆனால் இரு கைகளாலும் ஒரே நேரத்திற் பந்தைத் தொட்டாலும், ஒரு கையிலோ இரு கைகளிலோ பந்தைத் தங்கவிட்டாலும் தட்டல் அக்கணமே முடிந்துவிடும். முடிந்தபின் மீண்டும் தட்டத் தொடங்குதல் ‘டபிள் டிரிபிள்’ எனப்படும் இரட்டைத் தட்டற் பிழை. உள்ளங்கையைப் பந்தின் கீழே கொடுத்து ஏந்திச் சென்று மறுபடி தட்டுபவனையும் இவ்விதியே பிடிக்கின்றது. கையிலே தங்கிய பந்து பிடிக்கப்பட்ட பந்தேயாம்.

தட்டல் முடிந்தபின் இன்னொரு தட்டலுக்கு உரிமை எப்போது கிடைக்கும்? இடையிலே பந்து உண்மையாகவே அவனுடைய ஆட்சியை விட்டு நீங்கியிருத்தல் வேண்டும். கூடையை நோக்கி எறிந்திருக்கலாம். எதிரியின் கை பந்திற் பட்டிருக்கலாம். அவன் கொடுத்த அல்லது கைதவறவிட்ட பந்து வேறொரு வீரனைத் தொட்டிருக்கலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. வந்த பந்தைப் பிடிக்கும்போது கைதவறி, அது தரையிலே துள்ள, ஓடி எடுத்தவன் இன்னும் தட்டவே தொடங்கவில்லை என்பது விதியின் கருத்து. ஆதலால் அவன் தட்டிச் செல்லலாம். தட்டலை முடிக்கும்போது கைதவறியவனோ பந்தை எடுக்கலாம், ஆயின் மீண்டும் தட்டலாகாது. பார்வைக்கு இருவரும் ஒன்றையே செய்தனர். ஒருவனுக்கு விசில், மற்றவனுக்கு இல்லை. பக்கச்சார்பு என்ற கூக்குரல் இத்தகைய இடங்களிலேதான் பிறக்கின்றது.

இலக்கண நூல்களில் விதியும் அதன்பின் புறனடையும் வருதல் போல இவ்விதிநூலிலும் வருகின்றன. புறனடையை முதலிற் கேட்டு விதியைப் பின்னர் அறிபவன் இடர்ப்படுவது இரண்டிடத்தும் இயல்பே.

இனி நடைப்பிழை. இதற்கு உயிர்நாடி ஊன்றுகால். பந்தைக் கையில் வைத்திருப்பவன் ஒரு பாதத்தைத் தரையில் ஒரே இடத்தில் ஊன்றி, மற்றப் பாதத்தை எப்பக்கமும் எத்தனை முறையும் எடுத்துவைத்துத் திரும்பலாம். ஊன்றிய அப்பாதமே ஊன்றுகால். ஆங்கிலத்தில் ‘பிவட்’ என்பர். கிளித்தட்டில் மறிப்பவன் தன் கோட்டுக்குக் கட்டுப்பட்டவன். இங்கே பந்துள்ளவன் ஒரு புள்ளிக்குக் கட்டுப்பட்டவன். இரு பாதங்களும் தரையிலிருக்க நின்றபடி பந்தைப் பெற்றவன் எதனையும் ஊன்றுகாலாகக் கொள்ளலாம். ஒன்றைத் தூக்கியவுடன் மற்றது ஊன்றுகாலாகிவிடும். அதன்பின் மாற்றுதற்கு இடமில்லை.

மாணவர் பெரிதும் மயங்குவது அடுத்த படியிலேதான். ஊன்றுகாலைத் தூக்கலாமா, கூடாதா? விடை, பந்தை என்ன செய்யப்போகிறான் என்பதைப் பொறுத்தது. தோழனுக்குக் கொடுக்கவோ கூடைக்கு எறியவோ போகிறானாயின் ஊன்றுகாலைத் தூக்கலாம், தாவி எழலாம். எழுந்த கால் மீண்டும் தரையைத் தொடுமுன் பந்து கையைவிட்டு நீங்கவேண்டும். தட்டிச் செல்லப் போகிறானாயின் முறை தலைகீழ்: பந்து கையை விட்டபின்னரே ஊன்றுகால் தரையை விடலாம். ஒரே காலசைவு ஓரிடத்திற் சரியாகவும் மற்றோரிடத்திற் பிழையாகவும் இருப்பது ஏன்? பந்தைக் கொடுப்பவனும் கூடைக்கு எறிபவனும் அதனைத் துறக்கின்றனர். அவர்கள் வழியைக் கேட்கவில்லை. தட்டிச் செல்பவனோ பந்தையும் வைத்துக்கொண்டு வழியையும் கேட்கிறான். ஆகவே விலையை முன்னதாகக் கொடுக்கவேண்டியவன் அவன்.

ஓடிவருகையிற் பந்தைப் பெறுபவனுக்கும், தட்டலை முடிப்பவனுக்கும் இரண்டு அடிகள் உண்டு. நிற்பதற்கோ கொடுப்பதற்கோ எறிவதற்கோ அவற்றைப் பயன்படுத்தலாம். ஓடிவந்து பந்தைப் பெற்றுத் தட்டத் தொடங்குபவன் இரண்டாம் அடி தரையிற் படுமுன் பந்தை விட்டுவிடல் வேண்டும். அடிகளை எங்கிருந்து எண்ணுவது என்பதே நெடுங்காலச் சிக்கல். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இற் செய்த திருத்தம் இதனைத் தெளிவாக்கிற்று. பந்து கைவசமாகும் கணத்தில் ஒரு பாதம் தரையில் இருப்பின் அப்பாதம் எண்ணப்படாது. அதன்பின் தரையைத் தொடும் பாதமே முதலாம் அடி. எண்ணப்படாத அவ்வடியைப் பூச்சிய அடி என்று பேச்சுவழக்கிற் கூறுவர். கூடையை நெருங்கி ‘லே அப்’ எறிபவனைப் பார்த்து ஓரத்தில் நிற்போர் மூன்று அடி என்று கூவுவது, பூச்சியத்தை ஒன்றாக எண்ணுவதனாலேயே. முதலாம் அடியில் ஒற்றைக்காலில் நின்றுவிட்டவனுக்கு அக்காலே ஊன்றுகால். முதலாம் அடியிலிருந்து தாவி இரண்டாம் அடியில் இரு பாதங்களாலும் ஒருங்கே இறங்கியவனுக்கு ஊன்றுகாலே கிடையாது. அவன் சுழல முடியாது. ஒரே பாதத்தால் அடுத்தடுத்து இருமுறை தரையைத் தொடுதல், அதாவது நொண்டுதல், எந்நிலையிலும் பிழை.

பந்தோடு சறுக்கி வீழ்ந்தவன்மீது குற்றமில்லை. வீழ்ந்தபின் பந்தை அணைத்தபடி உருண்டாலும் எழ முயன்றாலும் நடைப்பிழை ஆகும்.

இத்தனையும் எங்கும் உள்ள மயக்கங்கள். வடபகுதிப் பாடசாலை மாணவியர்க்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்கின்றது. அவர்கள் சிறுவயதில் ஆடிப் பழகுவது வலைப்பந்தாட்டம். கூடைப்பந்தாட்டத்தின் வழிவந்த இவ்வாட்டத்தின் விதிகள் 1901இல் இங்கிலாந்தில் அச்சேறின. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கும் பொருட்டு, 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடியது இலங்கையிலேதான் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1963இல் ஈஸ்ட்போர்ன் நகரில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை ஆடிற்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2018இலும் 2022இலும் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் இடம்பெற்றவர். அவருடைய உயரத்தைப் பற்றியே யாவரும் பேசுவர். கூடையின் கீழே பந்தைப் பெற்று நிலைகுலையாது நிற்கும் அவருடைய பாதங்களை நோக்குவோர் சிலரே.

வலைப்பந்தாட்டத்தில் தட்டிச் செல்லுதல் இல்லை. பந்தைப் பெற்றவர் மூன்று செக்கனுக்குள் கொடுத்துவிடல் வேண்டும். முதலில் இறங்கிய பாதத்தைத் தூக்கலாம். அது மறுபடி தரையைத் தொடுமுன் பந்து போய்விட வேண்டும். இவ்வாறு பல ஆண்டு பழகிய மாணவியின் உடல், முதலிற் கால், பின்னர் பந்து என்ற ஒழுங்கைக் கற்றுவிடுகின்றது. அவள் கூடைப்பந்தாட்டத்துக்கு வந்து தட்டத் தொடங்கும்போதும் கால் முந்துகின்றது, விசில் ஒலிக்கின்றது. அவள் செய்தது கவனக்குறைவன்று. ஓராட்டத்தின் நல்லொழுக்கத்தை மற்றோராட்டத்துக்குக் கொண்டுவந்தாள், அவ்வளவே. இன்னும், வலைப்பந்தாட்டத்தில் இரு பாதங்களையும் ஊன்றி நிற்பவர் எழும்பி ஒரு பாதத்தில் இறங்கிப் பந்தைக் கொடுக்கலாம். கூடைப்பந்தாட்டத்தில் அது தெளிவான நடைப்பிழை. மறுபுறத்தில், பந்தைப் பிடிக்கும்போது தரையிலிருந்த பாதத்தை வலைப்பந்தாட்டம் கணக்கில் எடுக்கின்றது; கூடைப்பந்தாட்டமோ ஓடிவருபவனுக்கு அதனைப் பூச்சியமாக விடுகின்றது. ஆகவே எது கடுமையான விதி என்று வினவுதல் பயனற்றது.

வலைப்பந்தாட்டம் நம்மிடையே வேரூன்றியதற்கு நிலமும் ஒரு காரணம் எனலாம். ஆனையிறவின் உப்பு வெளிகளைத் தாண்டி இயக்கச்சி, பளைப் பக்கம் சென்றால் தென்னை வளரும் மணற்றரை. அம்மணலிலே பந்தைத் தட்டினால் அது எழுவதில்லை. துள்ளல் வேண்டாத ஆட்டத்துக்கு இரண்டு கம்பங்களும் ஒரு வெளியும் போதும். கூடைப்பந்தாட்டத்துக்கோ இறுகிய தளம் இன்றியமையாதது. அதனை அமைக்கப் பணமும் வேண்டும்.

ஆயினும் நடைப்பிழையைக் கற்பித்தற்கு இம்மணற்றரையினும் சிறந்த கரும்பலகை இல்லை. மாணவியைப் பந்தோடு நிறுத்தி, நாற்புறமும் திரும்பச் செய்து, பின்னர் விலகி நின்று தடத்தைப் பார்க்கச் சொன்னாற் போதும். ஊன்றுகால் நின்ற இடத்தில் மணல் வட்டமாகக் குழிந்திருக்கும். அதனைச் சுற்றி மற்றக் காலின் சுவடுகள் பல கிடக்கும். குழி நீண்டிருந்தால் கால் இழுபட்டது. இரண்டாகப் பிரிந்திருந்தால் கால் பெயர்ந்தது. நடுவர் கண்டதை அவளும் காண்பாள். சீமெந்துத் தளத்தில் இவ்வசதி கிடையாது.