சுரங்க ஊரின் இரண்டாம் வாழ்வு

ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையோரம், குளத்து நீரில் ஒரு பெரிய இரும்புக் கப்பல் நிற்கிறது. 1938இல் கட்டப்பட்டு, 1982 வரை கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய கப்பல் அது. இன்று அது ஒரு காட்சியகம். பத்து காஜா வட்டாரத்தில் கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளில் இப்போது நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தொழில் முடிந்த இடத்தில் பறவைகள் குடியேறுவது பேராக் மக்களுக்குப் புதிதல்ல. இதைப் போன்ற மாற்றம் வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊரிலும் நிகழ்ந்துள்ளது.

நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள அவ்வூரின் பெயர் நி-ஓலசுண்ட். 1917ஆம் ஆண்டளவில் அங்கே நிலக்கரிச் சுரங்கம் தொடங்கியது. 1926 மே மாதம் அமுண்ட்சென் குழுவினர் ‘நோர்கே’ என்னும் ஆகாயக் கப்பலில் இங்கிருந்துதான் வட துருவத்தைக் கடந்து அலாஸ்காவுக்குப் பறந்தனர். அக்கப்பலைக் கட்டிய கம்பம் இன்றும் நிற்கிறது. கரி இழுத்த சிறிய நீராவி இரயிலும் கடற்கரையோரம் நிறுத்தப்பட்டுள்ளது. ஸ்வால்பார்ட்டில் 1946க்கு முற்பட்ட மனிதச் சுவடுகள் யாவும் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. துருப்பிடித்த ஆணியைக்கூட வருகையாளர் எடுத்துச் செல்லக் கூடாது.

1962 நவம்பர் 5ஆம் நாள் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 21 தொழிலாளர்கள் மாண்டனர். சிலரின் உடல்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. இந்த விபத்தின் எதிரொலியாக மறு ஆண்டு நார்வே அரசே பதவி இழந்தது. சுரங்கம் மூடப்பட்டது, குடும்பங்கள் வெளியேறின. தோட்டத் துண்டாடலுக்குப் பின் வெறிச்சோடிய லயன் வீடுகளைப் போல் அங்கும் வீடுகள் மட்டுமே எஞ்சின. ஆனால், அவை இடிக்கப்படவில்லை. 1960களிலேயே அறிவியலாளர்கள் அங்கு வரத் தொடங்கினர். இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அவ்வூரில் உள்ளன. சீன நிலையத்தின் வாயிலில் இரண்டு கற்சிங்கங்கள் காவலுக்கு வைக்கப்பட்டன. பனி நாட்டில் சிங்கம்! இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்டது.

கோடையில் கப்பலில் வரும் பயணிகள் முதலில் கைப்பேசியின் அலைத்தொடர்பை முடக்க வேண்டும். ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை வைஃபையும் புளூடூத்தும் இல்லை. தொலைதூர விண்பொருள்களிலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளைக் கேட்டு, பூமியின் அசைவை அளக்கும் கருவிகள் அங்கு இருப்பதே காரணம்.

அடுத்த பாடத்தைப் பறவைகள் கற்பிக்கின்றன. ஆர்க்டிக் ஆலாக்கள் பாதையோரத்திலேயே தரையில் முட்டையிடும். அருகில் செல்வோரின் தலையைக் கூரிய அலகால் கொத்தும். எனவே, நடப்பவர்கள் ஒரு குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கின்றனர். ஆலா குச்சியின் நுனியைத் தாக்கிவிட்டுப் போய்விடும். நூறு கிராம் அளவே எடையுள்ள இப்பறவை ஆண்டுதோறும் தென் துருவக் கடல்வரை சென்று திரும்புகிறது. வாத்துகள் வீட்டு முற்றங்களில் புல் மேய்கின்றன. குட்டைக் கால் கலைமான்கள் சாலையில் உலவுகின்றன. நரிகளுக்கு வீடுகளின் அடித்தளமே ஒளிவிடம். பனிக்கரடி திடீரென வரக்கூடும் என்பதால் கட்டடக் கதவுகளைப் பூட்டுவதில்லை. யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி ஒளியலாம். ஊரெல்லையைத் தாண்டிச் செல்லும் ஆய்வாளர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

ஊருக்கு முன்னுள்ள கடற்கழியில் ஒரு காலத்தில் குளிர்காலந்தோறும் பனி உறையும். வளையக் கடல்நாய்கள் அப்பனியின்மேல்தான் குட்டி ஈனும். 2006 முதல் அங்குப் பனி உறைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பனி இல்லாதபோது கரடிகள் தீவுகளுக்கு நீந்திச் சென்று வாத்து முட்டைகளைத் தின்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பநீர் கழிக்குள் நுழைவது இதற்கு ஒரு காரணம். அந்நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்க, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள் ஒரு கருவித்தொகுதியை உருவாக்கினர். 2014 ஜூலையில் அது 192 மீட்டர் ஆழக் கடலில் நங்கூரமிடப்பட்டது. மேலே கடல் இருளில் மூழ்கியிருக்கும் குளிர்கால மாதங்களிலும் அக்கருவிகள் வெப்பத்தைப் பதிவு செய்துகொண்டே இருந்தன.