பெயரிலே முந்திரி

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஆறு கிலோமீட்டர் தூரத்தில், குளச்சல் போரிலே சிறைப்பட்டுப் பின்பு திருவிதாங்கூரின் தளபதியாகவே ஆகிவிட்ட டிலனாய், மார்த்தாண்ட வர்மரின் காலத்தில் திருத்திக் கட்டுவித்த வட்டக்கோட்டையின் மதில்மீது ஏறி நின்று, ஒருபுறம் கடலையும் மறுபுறம் தென்னந்தோப்புகளையும் பார்த்தபின் கோட்டையையும் ஒருமுறை பார்க்கிறவர்கள், பெயரில் வட்டம் உண்டேயன்றிக் கட்டடத்தில் வட்டம் கிடையாது, அது நீண்ட சதுரம் என்று கண்டுகொள்வார்கள். இதற்காக எவரும் வழக்குத் தொடுத்ததாகத் தெரியவில்லை. கோட்டையை யாரும் பொட்டலம் கட்டி விற்பதில்லை.

ஆனால் அதன் அருகே ஒரு வீட்டு அடுக்களையில் விற்பனைக்காகச் செய்யப்படும் முந்திரிக்கொத்தின் விஷயம் வேறு. வறுத்துப் பொடித்த சிறுபயற்றையும், ஈரம் அறவே போகும்வரை சிவக்க வறுத்த தேங்காய்த் துருவலையும், எள்ளையும் ஏலத்தையும் வெல்லப்பாகிலே கிளறி, சூடு ஆறுமுன் சிறு உருண்டைகளாகப் பிடித்து, அரிசிமாவும் கொஞ்சம் மைதாவும் கரைத்த மாவில் தோய்த்து, மூன்று மூன்றாக ஒட்டியபடியே தேங்காயெண்ணெயில் இறக்கிப் பொரித்தெடுக்கிற அந்தப் பலகாரத்தில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூட இல்லை. முந்திரி என்ற சொல் திராட்சைக்கும் உரியது. மலையாளத்தில் இன்றும் அதுதான் திராட்சையின் பெயர். கொத்தாகத் திரண்டிருக்கும் அழகைக் கண்டு யாரோ ரசிகர் இட்ட பெயராக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்தப் பக்கத்தில் முந்திரிப்பருப்பை அண்டிப்பருப்பு என்றே சொல்லிப் பழகியவர்களுக்கு இதில் குழப்பமே எழுந்ததில்லை.

குழப்பம் எழுந்தது கம்ப்யூட்டர் கடையில். லேபிள் அச்சடிக்கப் போன அந்த அம்மையாரிடம், கடைப்பையன் வளைந்த பருப்பின் வண்ணப்படத்தைத் திரையில் வைத்துக் காட்டியிருக்கிறான். “முந்திரிக்கொத்துன்னா முந்திரிப் படம் போடாண்டாமான்னு கேக்கான், அண்ணாச்சி. பேருலதான முந்திரி கெடக்கு!” என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்குரிய விஷயந்தான்; எனினும் 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் சிரிப்பதில்லை. உணவின் மெய்யான இயல்பைப் பெயர் காட்ட வேண்டும் என்பதும், சொல்லாலோ படத்தாலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். இல்லாத முந்திரிக்குச் சதவீதம் எங்கே போவது? பொய்யான லேபிளுக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 52-ஆம் பிரிவில், 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது.

அடுக்களை சொந்த வீட்டினுடையது என்பதனால் சட்டம் வாசலோடு நின்றுவிடுவதில்லை. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு வியாபாரிகளுக்கு உரிமம் வேண்டாம், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் போதும் என்று 2011-ஆம் ஆண்டின் விதிகள் சலுகை காட்டின. பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண், செய்தவரின் பெயரும் விலாசமும், நிகர எடை, விலை, பேட்ச் நம்பர், செய்த தேதி, காலாவதித் தேதி, சைவத்துக்குரிய பச்சை வட்டம் ஆகியவையெல்லாம் அந்தச் சிறு காகிதத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தனியே சொல்ல வேண்டுமாதலால் மைதாவுக்காகக் கோதுமையைக் குறிக்க வேண்டும். நம் பட்டியலில் இல்லாத எள்ளை அமெரிக்கர்கள் 2023 முதல் தங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவிலோ, 2013-இல் அமலுக்கு வந்த சட்டப்படி, இல்லச் சமையலறையில் செய்யப்பட்டது என்றே லேபிளில் அச்சிட வேண்டும். நம் ஊரில் பெருமையாக விளம்பரம் செய்யும் வாசகம் அங்கே வாங்குகிறவருக்கு விடுக்கும் எச்சரிக்கை.

இவ்விதிகளை நான் குறைகூறவில்லை. அண்டை வீட்டாருக்குச் செய்து கொடுத்த காலத்தில் செய்தவரின் முகமே லேபிளாக இருந்தது. முகம் தெரியாத சுற்றுலாப் பயணி நான்கு பொட்டலம் வாங்கிக்கொண்டு ரயிலேறும்போது காகிதந்தான் பேச வேண்டியிருக்கிறது. எனக்குள்ள மனத்தாங்கல் எல்லாம் அது எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைப் பற்றியதே. விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும், வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என்பது விதி. மொழியின் பேராலேயே போராடி 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு இணைந்த இந்த மாவட்டத்தில், தமிழ்ப் பெண்ணொருத்தி தமிழர் வாங்கும் பண்டத்தின்மீது எழுதும் தமிழுக்குத் தடையில்லை என்கிற அளவு தாட்சண்யம் போதுமா என்பதைப் படிப்பவர்கள் யோசிக்கட்டும்.

தடையில்லை என்றதைப் பிடித்துக்கொண்டு, ஆங்கில வரிகளுக்குக் கீழே தமிழிலும் எழுத உட்கார்ந்தோம். வெல்லத்தை என்னவென்று எழுதுவது என்பதிலேயே கால்மணி நேரம் போயிற்று. இவ்வூரில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. சென்னைக்காரர் சர்க்கரை என்று படித்தால் சீனியென்றே கொள்வார். ஆகவே வெல்லம் என்றே வைத்தோம். பிறகு அம்மையார், எடையில் மிகுந்தது முதலில் வரவேண்டும் என்ற முறைப்படி எழுதியிருந்த பட்டியலை உரக்கப் படித்தார்: சிறுபயறு, வெல்லம், அரிசிமாவு, தேங்காய்...

திண்ணையிலிருந்து அவருடைய மாமியாரின் குரல் வந்தது. “அரிசிமாவு எப்பிடி தேங்காய்க்கு முன்னால வரும்? மாவு மேல்தோலுக்கு மட்டும்லா?” ஆங்கில லேபிள் இரண்டு நாளாக அந்தக் கிழவியின் காலடியிலேயே கிடந்ததாம். மருமகள் எழுந்துபோய்த் தராசை எடுத்து வந்து தேங்காய்த் துருவலைத் தட்டில் கொட்டினார்.