பழுது எந்தப் பெட்டியில்?

மோடத்தில் 'டி.எஸ்.எல்.' விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா, நின்று எரிகிறதா? 'நெட் வரலை' என்று புகார் சொல்லப் போனை எடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். விட்டுவிட்டு எரிந்தால், உங்கள் மோடமும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டிஸ்லாமும் இன்னும் கைகோக்கவில்லை. கோளாறு கம்பியிலோ அந்த முனையின் போர்ட்டிலோ இருக்கிறது. அந்த விளக்கு நின்று எரிந்து, 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கம்பிமேல் குற்றமில்லை. பயனர் பெயர், பாஸ்வேர்டு, இவற்றைச் சரிபார்த்து உள்ளே விடும் 'பிராஸ்' என்ற கருவி ஆகிய இடங்களில்தான் தேட வேண்டும். இது தெரியாமல் நல்ல மோடத்தைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இந்தப் பெயர்களைச் சந்தாதாரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கியபோது இதற்கென்று புதுக் கம்பி எதுவும் இழுக்கவில்லை. பேசுவதற்காகப் போட்ட அதே செம்புக் கம்பி ஜோடிதான். வீட்டுச் சுவரிலிருந்து டிராப் வயர் தெருவிலுள்ள டி.பி. பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து பில்லர், பிறகு மண்ணுக்கடியில் கேபிள், கடைசியில் எக்ஸ்சேஞ்சின் எம்.டி.எஃப். அறை. அங்கே பேச்சு ஒரு பக்கமாகப் பிரிந்து சுவிட்சுக்குப் போகும். டேட்டா டிஸ்லாமுக்குப் போகும். நூற்றுக்கணக்கான வீடுகளின் இணைப்புகளை ஒரே பெரிய பாதையில் சேர்த்து அனுப்புவது இந்த டிஸ்லாமின் வேலை.

வீட்டுப் பக்கம் அதே பிரிப்பைச் செய்வது ஸ்பிளிட்டர். பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் போதும். டேட்டா அதற்கு மேலே, சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, முதல் தலைமுறை ஏ.டி.எஸ்.எல்.லில் 1,104 வரை போகிறது. ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே கம்பியைப் பிரித்து மாடிக்கு ஒரு பேரலல் போன் கொடுத்திருந்தால், அந்தப் போனை எடுக்கும்போதெல்லாம் நெட் அறுபடும். இதைச் சரிசெய்ய ஒரு சின்ன ஃபில்டர் போதும்.

ஏறுவதைவிட இறங்கும் வேகம் ஏன் பல மடங்கு? இதற்குப் பின்னால் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியாளரின் அருமையான சிந்தனை இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் அவர் கவனித்தது கிராஸ்டாக் என்ற தொல்லையை. ஒரே கேபிளில் நெருக்கிக் கட்டிய ஜோடிகளில் ஒன்றின் சிக்னல் இன்னொன்றில் கசியும். எக்ஸ்சேஞ்ச் முனையில் இது மிக மோசம். கிளம்பும் சிக்னல் அங்கே வலுவாக இருக்கும். வீட்டிலிருந்து வந்து சேரும் சிக்னலோ கிலோமீட்டர் கணக்கில் தேய்ந்து போயிருக்கும். காதருகே மைக் செட் அலறும்போது தெருக்கோடியிலிருந்து கூப்பிடுகிறவர் குரல் கேட்குமா? இரு திசைக்கும் தனித்தனி அலைவரிசை ஒதுக்கி, இறங்கும் திசைக்கே பெரும்பங்கைக் கொடுத்துவிட்டால் அதே கம்பி மொத்தத்தில் அதிகம் சுமக்கும் என்று அவர் கண்டார். 'ஏ.டி.எஸ்.எல்.' என்பதன் முதல் எழுத்து இந்தச் சமமின்மையைத்தான் சொல்கிறது.

அடுத்த படி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபியுடையது. அவர் முன்னெடுத்த டி.எம்.டி. முறையில் அலைவரிசை முழுவதும் 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 பட்டைகளாகத் துண்டாகிறது. ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு இரைச்சல் என்று மோடம் அளந்து பார்த்து, தாங்குகிற அளவுக்கு மட்டும் பிட்டுகளை ஏற்றுகிறது. சென்னை வானொலி பல்லாண்டு ஒலிபரப்பிய 720 கிலோஹெர்ட்ஸ் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கும் டிராப் வயர் ஏரியல் போல அதைப் பிடித்துக்கொண்டால், 167ஆவது பட்டையையும் அதன் அக்கம்பக்கத்தையும் மோடம் குறைத்து ஏற்றும், அல்லது விட்டுவிடும். மற்றவை வழக்கம்போல ஓடும். இணைப்பு அறுவதில்லை. செம்புக் கம்பியிடமிருந்து இவ்வளவு வேலை வாங்கியவர்களை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

இனி இரண்டு எண்கள். பெரும்பாலான மோடங்களில் 192.168.1.1 என்ற முகவரிக்குப் போனால் 'லைன் அட்டென்யுவேஷன்', 'எஸ்.என்.ஆர். மார்ஜின்' என்று டெசிபலில் காட்டும். முதலாவது, வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. குறைவாக இருந்தால் நல்லது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப் போக அது கூடும். அதனால்தான் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் தரும் 24 எம்.பி.பி.எஸ். பக்கத்துத் தெருவோடு சரி. இரண்டாவது, இரைச்சலுக்கு மேல் எவ்வளவு இடம் மிச்சம் என்பது. கூடுதலாக இருந்தால் நல்லது. 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு தடுமாறத் தொடங்கும்.

வெயில் காலத்தில் இவ்விரண்டையும் குறித்து வையுங்கள். ஐப்பசி மழையில் மார்ஜின் சரிந்து, போனை எடுத்தால் கரகரவென்று சத்தமும் கேட்டால், டி.பி. பெட்டியிலோ கேபிள் ஜாயின்டிலோ தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். புகாரில் 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு எண்களையும் கரகரப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். லைன்மேன் உங்கள் வீட்டு மோடத்தைப் புரட்டிக்கொண்டிருக்காமல், ஏணியோடு நேரே கம்பத்துக்குப் போவார்.