238 என்றால் 190

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கடைசிப் பிரிவுக்கு எண் 238. பி.காம். முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி.யில் வந்து உட்கார்ந்தவனுக்குக் கூட்டல் கழித்தல் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. எண்ணிப் பார்த்தேன், கணக்கு உதைத்தது. 75-க்கு அடுத்த பிரிவு 124. நடுவில் இருந்த 48 பிரிவுகளும் 1930-இல் சரக்கு விற்பனைச் சட்டம் என்று தனிக்குடித்தனம் போய்விட்டன. 1872-இல் இந்தச் சட்டம் பிறந்தபோது பிரிவுகள் 266. அதில் கடைசி 28, 1932-இல் கூட்டாண்மைச் சட்டமாகப் பிரிந்தன. பாகம் பிரித்தபின் வீட்டில் மிஞ்சியவை சுமார் 190. கதவிலக்கத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அரசியலமைப்புச் சட்டம் நேரெதிர். 1950-இல் கடைசி உறுப்பின் எண் 395. 2023 வரை 106 திருத்தங்கள் வந்த பிறகும் கடைசி எண் 395 தான். புதிதாக வந்ததெல்லாம் பழைய எண்ணின் தோளில் ஆங்கில எழுத்தாகத் தொற்றிக்கொண்டிருக்கிறது. 243-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிகளுக்கு 16, நகராட்சிகளுக்கு 18, கூட்டுறவுச் சங்கங்களுக்கு 13. ஆக அந்த ஒரே எண்ணுக்குள் 47 உறுப்புகள். சட்டத்தில் அச்சான எண் ஒன்று, ஆளும் எண் வேறு என்று அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது. அதன்பிறகு கண்ணில் படும் எண்களையெல்லாம் இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

குற்றவியலில் அந்தப் பத்திகள் நீண்டன. 2024 ஜூலை 1 முதல் மூன்று பழைய சட்டங்களின் இடத்தில் மூன்று புதியவை. இந்தியத் தண்டனைச் சட்டம் 511 பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதா 358. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 484, அதன் இடத்தில் வந்தது 531. சாட்சியச் சட்டம் 167, புதியது 170. பழைய மூன்றின் கூட்டுத்தொகை 1,162. புதிய மூன்றின் தொகை 1,059. குறைந்தது 103. கொலைக்குத் தண்டனை சொல்லும் புதிய பிரிவின் எண்ணும் 103 என்பது தற்செயல்தான், ஆனால் மறக்கவே மறக்காது.

பாரம் 103 குறைந்தது என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே படிக்க வேண்டியது கழித்தல் கணக்கல்ல, கூட்டல் கணக்கு: 2,221. நியாய சன்ஹிதாவில் எண்ணிக்கை இறங்கியதற்குக் குற்றங்கள் குறைந்தது காரணமல்ல. முன்பு தனித்தனிப் பிரிவுகளாகக் கிடந்த சொல் விளக்கங்களை எல்லாம் 2-ஆம் பிரிவில் 39 உட்பிரிவுகளாக அடைத்துவிட்டார்கள்.

வகுப்பில் பேராசிரியர், "கொலைக்கு என்னப்பா செக்‌ஷன்?" என்று கேட்டதும் அறுபது வாயும் சேர்ந்து 302 என்றன. எல்லாம் சினிமா கொடுத்த கல்வி. ஏமாற்றுக்காரனை ஊரே 420 என்கிறது; இனி அவன் 318(4). அந்தப் பெயரில் யாரையும் திட்ட முடியாது. உண்மையில் ஆபத்தான எண் 482. முன்பு 482 என்றால் வழக்கையே ரத்து செய்யக் கோரும் மனு. இப்போது அதே எண் முன்ஜாமீனுக்கு. ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. சீனியர் பழைய ஞாபகத்தில் "482 போடு" என்றால், எந்த 482 என்று ஜூனியர் திருப்பிக் கேட்டாக வேண்டும். ஜெராக்ஸ் கடை அண்ணன்கூட பேர் ஆக்ட் (உரையில்லாத சட்டப் புத்தகம்) கேட்டால், "பழசா தம்பி, புதுசா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புகிறார்.

ஒப்பந்தச் சட்ட வகுப்பில் என்னைப் பிடித்து உட்கார வைத்தவை தொகைகள். எவ்வளவு சில்லறைக் காசுக்கு எவ்வளவு பெரிய சட்டம்! லண்டனில் பத்து ஷில்லிங் விலைக்கு ஒரு புகையுருண்டை. அதை முறைப்படி பயன்படுத்தியும் இன்ஃபுளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம், அதற்கு நம்பிக்கையாக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருப்பதாகவும் ஒரு வரி. கார்லில் அம்மையாருக்குக் காய்ச்சல் வந்தது, பணமும் வந்தது. 1919-இல் பால்ஃபோர் வழக்கு. இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்த கணவர், இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். கணவன் மனைவி பேச்சு ஒப்பந்தமாகாது என்று அந்தம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1913-இல் அலகாபாத். காணாமல் போன பையனைக் கண்டுபிடித்தால் 501 ரூபாய் என்று துண்டு நோட்டீஸ். தேடப் போன ஊழியர் லால்மன் சுக்லா பையனைக் கண்டுபிடித்தும் விட்டார். ஆனால் நோட்டீஸ் விஷயம் அவருக்குப் பிறகுதான் தெரியும். அறியாத முன்மொழிவை ஏற்க முடியாது, 501 போச்சு. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் பங்கு 1882-இன் சின்னய்யா வழக்கு. ஆண்டுக்கு 653 ரூபாய் பற்றிய அந்தத் தகராறை இன்றும் தேர்வில் கேட்கிறார்கள்.

என் இரண்டு பத்திக்கு அச்சில் வார்த்தாற்போல் பொருந்தியது மோகரி பீபி வழக்கு. பத்திரத்தில் கடன் 20,000 ரூபாய், கைக்கு வந்தது 10,500. வாங்கியவர் மைனர். 1903-இல் பிரிவி கவுன்சில் ஒப்பந்தமே செல்லாது என்றதும் இரண்டு எண்ணும் பூஜ்யமாகிவிட்டன.

கல்லூரிக் கணக்குக்கு வருவோம். பார் கவுன்சிலின் 2008 விதிப்படி செமஸ்டருக்குக் குறைந்தது 15 வாரம், வாரத்துக்கு 30 மணி நேரம், வருகைப் பதிவு 70 சதவீதம். 450 மணியில் 315 உட்கார வேண்டும். பாக்கி 135 மணியையும் ஒரே பாடத்தில் கழிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு, வருகை பாடவாரியாகக் கணக்கிடப்படும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூட் கோர்ட் தாளில் மூன்று வாதங்களுக்கு 30 மதிப்பெண், ஒரு சிவில் ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்த்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரர் நேர்காணலும் டயரியும் 30, வாய்மொழித் தேர்வு 10. படிப்பு முடிவதற்குள் மூன்றாண்டுக்காரர்களுக்கு 12 வாரம், ஐந்தாண்டுக்காரர்களுக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப்.

விசாரணை பார்க்கும் அந்த 30 மதிப்பெண்ணுக்கு முந்தைய தலைமுறை செலவே செய்திருக்காது. 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. 2018-இல் அது புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. இப்போது அங்கே படிப்பவர் உயர் நீதிமன்றத்தைப் பார்க்க அரை நாளையும் பஸ் காசையும் ஒதுக்க வேண்டும். மாணவிகளுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் இலவசம் என்பதால் அரை நாள் மட்டும்.

அடுத்தது பதிவு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் கட்டணம் பளிச்சென்று இருக்கிறது: மாநில பார் கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. நடப்பில் ஒடிசாவில் வாங்கியது 42,100. புத்தகத் தொகையைப்போல் 56 மடங்கு! சட்டத்தைக் காப்பதற்கென்றே உள்ள அமைப்புகள் சொந்தச் சட்டத்தின் எண்ணைப் படிக்க மறந்த கதை இது. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 750-க்கு மேல் வாங்கக் கூடாது என்றது. அதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. பழைய சீனியர்களுக்கு அதில் ஆறாத வருத்தம்.

பதிவோடு முடியவில்லை. அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. 100 கேள்வி, கட்டணம் பொதுப் பிரிவுக்கு 3,500, பட்டியல் பிரிவினருக்கு 2,500. வக்கீலாகப் பதிவதைவிட, வக்கீல்தான் என்று நிரூபிப்பது நாலரை மடங்குக்கும் மேல் செலவு.

வரவுப் பக்கம் ஒரே ஒரு எண் இருக்கிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000-மும் உதவித்தொகை கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. போன வருஷம் பதிவு செய்த அக்கா ஒருவரிடம் இந்த எண்ணைக் காட்டி, "உங்களுக்கு எவ்வளவுக்கா தர்றாங்க?" என்று கேட்டேன்.

"வாய்தாவுக்குப் போனா பஸ் சார்ஜ் தனியா குடுத்துடுவாரு தம்பி," என்றார்.

எதற்குத் தனியாக என்று நானும் கேட்கவில்லை.