பழைய காரின் தானியங்கிக் கியரும் அதன் எண்ணெயும்

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே செல்லும் கல்லடிப் பாலத்தில் சிறிது நேரம் நின்று நோக்குவோருக்கு, அதன்மேல் செல்லும் கார்களில் எத்தனை பழையவை என்பது விளங்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் யப்பானில் செய்யப்பட்ட கார்கள் இன்றும் குடும்பங்களையும் வாடகைப் பயணிகளையும் சுமந்து ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் புதிய காரின் விலை பலருக்கு எட்டாததாகவே இருக்கின்றது. ஆகவே, இருக்கும் காரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவ்வாறு காப்பாற்றுகையில் அடிக்கடி மறக்கப்படும் உறுப்பு, கிளச் மிதி இல்லாத காரின் தானியங்கிக் கியர்ப்பெட்டியாகும். எஞ்சின் ஒயிலைத் தவறாது மாற்றுபவர்கூட இதன் எண்ணெயைப் பல ஆண்டுகளாகத் திரும்பிப் பாராதிருப்பதுண்டு.

கையால் மாற்றும் கியர்ப்பெட்டியில் எண்ணெயின் வேலை, பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதே. தானியங்கிப் பெட்டியிலோ எண்ணெயே ஓர் உறுப்பாக நின்று வேலை செய்கிறது. இரு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றுப்பட்டு மற்றதும் சுழலும் அல்லவா? அதுபோல எஞ்சினின் விசை, காற்றுக்குப் பதிலாக இந்த எண்ணெயின் வழியே கியர்ப்பெட்டியை அடைகின்றது. உள்ளேயுள்ள கிளச் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பதும் இதன் அழுத்தமே. பிறந்த வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று ஆற்றுவதும் இதுவே. அத்தட்டுகளின் மேல் கடதாசி போன்றதொரு பொருள் ஒட்டப்பட்டிருக்கும். கியர் மாறும் கணத்தில் தட்டுகள் சற்றே வழுக்கிப் பின் உறுதியாகப் பற்ற வேண்டும். வழுக்கலையும் பற்றுதலையும் ஒரே எண்ணெய் தரவேண்டியிருப்பதாலேயே அதைச் செய்வது அரிதாகின்றது.

1940ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் முழுத் தானியங்கிக் கியரைப் புகுத்தியது. அதற்கான எண்ணெய்க்கு 1949இல் ஒரு தரம் வகுத்தது. அக்காலத்து எண்ணெய்களில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பும் கலக்கப்பட்டது. திருகோணமலைக் கடலில் இன்றும் காணப்படும் அதே இனந்தான்! 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா அக்கொழுப்பைத் தடைசெய்தபின், இரசாயனப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

எண்ணெய் தெரிவதில் மிகுதியாக ஏமாற்றுவது நிறம். சிவப்பு வெறும் சாயமேயன்றித் தரத்தின் அடையாளம் அன்று. பார்வைக்கு ஒன்றுபோலுள்ள இரு எண்ணெய்கள், பற்றும் தன்மையில் முற்றிலும் வேறாயிருக்கலாம். எனவே கடைக்காரரின் சொல்லையோ போத்தலின் நிறத்தையோ நம்பாது, காருடன் வந்த கைந்நூலையும் எண்ணெய் அளக்கும் கோலில் பொறித்த பெயரையும் பார்ப்பதே முறை. 1990களின் டொயோட்டா 110 வகைக் கொரோல்லாக்கள் பொதுவாக டெக்ஸ்ரோன் வகையைக் கேட்பவை. அடுத்துவந்த 121 வகைக்கு ‘டி-4’ எனும் வேறெண்ணெய். ஹொண்டாவோ தன் பெட்டிகளுக்குத் தனி எண்ணெய் விதித்தது. பற்சக்கரங்களுக்குப் பதில் உலோகப் பட்டி ஓடும் பெட்டிகளும் உள்ளன. அவற்றுக்கு அவற்றின் எண்ணெயன்றி வேறெதையும் ஊற்றலாகாது. இன்னொன்று: மூன்றாம் வகை டெக்ஸ்ரோனுக்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டோர்ஸ் 2006ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்திவிட்டது. ஆதலால் இன்று போத்தலில் காணும் அப்பெயர், அதனை நிரப்பியவரின் சொந்த உறுதிமொழியே. நம்பத்தகுந்த நிறுவனத்தின் பொருளாயிருத்தல் அவசியம்.

“பழைய ஓட்டோ கியருக்கு ஒயில் மாற்றினால் கியர் போய்விடும்” என்ற பேச்சு கராஜ்களில் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் காரணகாரியம் தலைகீழாகிவிடுகிறது. கருகிய மணம் வீசி, கியர் வழுக்கத் தொடங்கிய பின்னரே பெரும்பாலோர் எண்ணெய் மாற்ற வருகின்றனர். தட்டுகள் அப்போது தேய்ந்திருக்கும்; புதிய எண்ணெய் அவற்றை மீட்காது. பழியோ எண்ணெயின்மேல் விழும். கபில நிறமாகியும் கியர்கள் ஒழுங்காக மாறுமானால், அஞ்ச வேண்டியதில்லை. பெட்டியில் ஏழெட்டு லீற்றர் இருந்தாலும், அடித்தட்டைத் திறந்தால் வடிவது மூன்று லீற்றர் அளவே. மிகுதி உள்ளே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பத்தில் நான்கு பங்கு மாறுவதாகக் கொண்டால், சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று முறை வடித்து நிரப்ப, ஏறக்குறைய நாற்பங்கில் மூன்று புதிதாகிவிடும். இயந்திரத்தால் ஒரேயடியாக அலசி எடுப்பதிலும் இது பழைய பெட்டிக்கு ஏற்றது. தட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல்நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பு; உலோகத் துண்டுகள் கிடந்தால் மட்டும் கவலைப்படலாம்.

வாவிக் கரையிலே வெப்பத்தினும் கொடிய பகைவன் நீர். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருக, படுவான்கரைப் பாதைகள் நீருள் மறைவதைப் பலமுறை கண்டவர்கள் இவ்வூரார். 2011 ஜனவரி வெள்ளம் எவருக்கும் மறக்கவில்லை. நீருள் நின்ற காரின் காற்றுத் துவாரத்தாலும் அளவுகோற் குழாயாலும் நீர் பெட்டிக்குள் இறங்கும். கோலை இழுத்துப் பார்க்கையில் எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்போலத் தெரிந்தால், எஞ்சினை இயக்கவே கூடாது. இயக்கினால் நீர் மூலைமுடுக்கெல்லாம் பரவும். தட்டில் ஒட்டிய கடதாசிப் பூச்சு ஊறி உரிந்துவிடும். உவர்நீராயின் தாங்கிகளும் வால்வுகளும் துருவேறும். முன்சக்கரங்களால் ஓடும் காரை, அச்சக்கரங்கள் தரையில் படாதவாறு உயர்த்தி இழுத்துச் சென்று, எண்ணெய் தெளியும்வரை வடித்து நிரப்ப வேண்டும். வெள்ளத்தில் சிக்காத காரிலும் இதே பால்நிறம் தோன்றுமாயின், ரேடியேட்டரின் உள்ளே குழாய் வெடித்து, குளிர்நீர் கலக்கின்றதென்று அறியலாம்.

வடித்த எண்ணெயை வாவிக்குச் செல்லும் கானிலே ஊற்றாது, புதியது வந்த போத்தல்களிலேயே நிரப்பி, பழைய ஒயில் எடுக்கும் இடத்தில் கொடுக்கலாம். வடிந்ததை அவ்வாறு அளந்தாலே, எத்தனை லீற்றர் திரும்ப ஊற்றுவதென்பதும் தெரிந்துவிடும். அதன்பின், களுவாஞ்சிகுடிவரை ஓட்டித் திரும்பி, எண்ணெய் நன்கு சூடேறியபின் அளவைப் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் எஞ்சின் ஓடுகையில், எல்லாக் கியர்களையும் ஒருமுறை போட்டு நிறுத்தநிலைக்குக் கொண்டுவந்து அளப்பர்; ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்தி ஒன்றிரண்டு நிமிடத்துக்குள்ளேயே அளப்பர். அளவு கோலின் சூட்டுக்குறிக்கு மேலே நின்றால், கூடுதலானதை வடித்துவிட வேண்டும். மிகுதியான எண்ணெய் நுரைத்து அழுத்தத்தைக் குறைக்கும்.