நாற்று விட்டவருக்குப் பங்கு உண்டா?

2026 உலகக் கோப்பை ஜூன் 11-ஆம் தேதி தொடங்குகிறது. அமெரிக்காவில் இருக்கும் நம் வாசகர்களுக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது: ஆகஸ்ட் 1. அன்று முதல் அங்கே சிறுவர் கால்பந்தின் வயதுப் பிரிவுக் கணக்கு மாறுகிறது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததில் வாசகர் கடிதங்கள் குவிந்துவிட்டன. டெக்ஸாஸிலிருந்து ஒரு தகப்பனார், கிளப்புக்கு இன்னும் எத்தனை ஆயிரம் டாலர்தான் கட்டுவது என்று கேட்கிறார். மதுரைக்காரர் ஒருவர், முப்பது கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற நாட்டில் ஒரு மெஸ்ஸி ஏன் பிறக்கவில்லை என்கிறார். (இதே கேள்வியை அவர் நம் நாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.) மூன்றாவது கடிதம் ஒரே வரி: "புலிசிக்கை அவ்வளவு விலை கொடுத்து வாங்கினார்களே, சிறு வயதில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கிளப்புக்கு அதில் பங்கு உண்டா?"

மற்றவற்றுக்குக் கடைசியில் ஆளுக்கொரு வரி பதில் தருகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் கோளாறு மொத்தமும் இந்த மூன்றாவது கேள்விக்குள் இருக்கிறது.

உண்டு என்கிறது ஃபிஃபா விதி. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கக் கூடாது என்று 1995-இல் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பியக் கிளப்புகளின் பிழைப்பில் கை வைத்தது. இனி யார் சிறுவர்களைப் பயிற்றுவிப்பார்கள் என்ற கவலையில் 2001-இல் ஃபிஃபா இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. ஒன்று, சாலிடாரிட்டி தொகை. ஒப்பந்தம் நடப்பிலிருக்கும்போது ஓர் ஆட்டக்காரர் வேறு நாட்டுக் கிளப்புக்கு விற்கப்பட்டால், விலையில் 5 சதவீதத்தை எடுத்துவைத்து, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வைத்திருந்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் விலையில் 0.25 சதவீதம். 16-லிருந்து ஆண்டுக்கு 0.5 சதவீதம். அறுவடை எந்த ஊர்க் களத்தில் நடந்தாலும் நாற்று விட்டவர் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் போய்விட வேண்டும் என்பதுதான் இதன் தர்மம்.

புலிசிக்கையே எடுத்துக்கொள்வோம். பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷியைச் சேர்ந்த பையன். பதின்வயதில் பிஏ கிளாசிக்ஸ் கிளப்பில் ஆடினார். தாத்தா வழியில் குரோஷியக் குடியுரிமை கிடைத்ததால் 16 வயதிலேயே ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போக முடிந்தது. அது இல்லாவிட்டால் 18 வரை காத்திருந்திருப்பார். 2019 ஜனவரியில் செல்சீ அவரை சுமார் 6.4 கோடி யூரோவுக்கு வாங்கியது. அதில் 0.25 சதவீதம் என்றால் 1,60,000 யூரோ. பன்னிரண்டு வயதுப் பையனை ஒரே ஓர் ஆண்டு வைத்திருந்த கிளப்புக்குக்கூட அவ்வளவு. ஊர்க் கிளப் ஒன்றுக்கு அது எத்தனை பிள்ளைகளின் சந்தாவைத் தள்ளுபடி செய்யும் பணம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது ஏற்பாடு பயிற்சி இழப்பீடு. ஆட்டக்காரர் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதும், 23 வயதுக்குள் நாடு மாறும்போதும், வாங்கும் கிளப் கட்ட வேண்டியது. ஐரோப்பாவின் முதல் தரக் கிளப்புக்கு ஃபிஃபா வைத்திருக்கும் அளவு ஆண்டுக்கு 90,000 யூரோ. 12 முதல் 15 வயது வரையிலான ஆண்டுகளுக்கு 10,000. பையன் 12 முதல் 17 வயது வரை ஒரே கிளப்பில் வளர்ந்து அங்கே போனால் நாலு பத்தாயிரம், இரண்டு தொண்ணூறாயிரம். ஆக 2,20,000 யூரோ.

பெரும்பாலான நாடுகள் இந்த விதிகளுக்குப் பழகிவிட்டன. அமெரிக்கச் சம்மேளனம் மட்டும் வெகுகாலம் இவற்றை நடைமுறைப்படுத்த மறுத்தது. சொன்ன காரணங்கள் மூன்று. மேஜர் லீக் சாக்கர் ஆட்டக்காரர்கள் 1997-இல் தொடுத்த ஃப்ரேசர் வழக்கில் ஏற்பட்ட உடன்பாடு தடுக்கிறது. ஏகபோகத் தடைச் சட்டம் தடுக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தடுக்கலாம். முதலாவதைப் பற்றி வழக்கறிஞர்களிடையேயே ஒத்த கருத்து இல்லை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு விலை கேட்கக் கூடாது என்ற உடன்பாடு, ஒப்பந்தம் நடப்பில் இருப்பவரை விற்ற விலையிலிருந்து கழிக்கும் 5 சதவீதத்தை எப்படித் தடுக்கும் என்பதற்கு நான் படித்தவரையில் திருப்தியான விளக்கம் கண்டதில்லை. மற்ற இரண்டும், கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ என்ற அச்சம். அச்சத்தையே சட்டம் என்று சொல்லிப் பல வருடம் ஓட்டினார்கள்.

இதன் விளைவைக் கிட்டத்தில் பார்க்க சியாட்டிலுக்கு அருகே ரெட்மண்டில் உள்ள கிராஸ்ஃபயர் பிரீமியர் போதும். அங்கே ஆடிய டிஆண்ட்ரே யெட்லினை 2014-இல் லண்டனின் டாட்டன்ஹாம் வாங்கியது. செய்தித்தாள்களில் வந்த விலை ஏறக்குறைய 40 லட்சம் டாலர். கிராஸ்ஃபயர் 2015-இல் ஃபிஃபாவிடம் போய்த் தன் பங்கைக் கேட்டது. கிளின்ட் டெம்ப்சி விஷயத்தில் டல்லாஸ் டெக்ஸன்ஸும், மைக்கேல் பிராட்லி விஷயத்தில் சிகாகோ பக்கத்து சாக்கர்ஸ் கிளப்பும் கேட்டன. வருடக்கணக்கில் இழுத்தது.

டெம்ப்சியின் கதை தெரிந்தால் இதன் கசப்பு புரியும். கிழக்கு டெக்ஸாஸின் நாகடோச்சஸ் ஊரில் பெரிய வசதியில்லாத குடும்பம். டல்லாஸுக்குக் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். திரும்பி வர இன்னொரு மூன்று. பயிற்சிக்காக அந்த வழியிலேயே குடும்பத்தின் நேரமும் பெட்ரோலும் கரைந்தன. பையனிடம் இருந்த திறமையைப் பார்த்துக் கிளப் கை கொடுத்திருக்காவிட்டால் அமெரிக்க ஆண்கள் அணி அதிக கோல் போட்ட தன் இருவரில் ஒருவரை இழந்திருக்கும். அதே கிளப்பும் மற்ற இரண்டும் சேர்ந்து 2016-இல் டெக்ஸாஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டன. எதிர்வாதி யார்? லீக்கின் ஆட்டக்காரர் சங்கம். கூடவே டெம்ப்சி, பிராட்லி, யெட்லின். தாங்கள் ஆளாக்கிய பையன்களையே கோர்ட்டுக்கு இழுக்க வேண்டிய நிலை. வழக்கு தள்ளுபடியானது.

ஆட்டக்காரர் சங்கத்தை எளிதாக வில்லனாக்கிவிடலாம். அவர்கள் வாதத்திலும் சத்து இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் சுதந்திரமாக ஐரோப்பாவுக்குப் போகிறான். அவன் தலையில் திடீரென்று இரண்டு லட்சம் யூரோ சுமையை வைத்தால் வாங்குகிறவன் யோசிப்பான், அல்லது அதைச் சம்பளத்தில் கழிப்பான். இரண்டிலும் அடிபடுவது பையன். இன்னொன்றும் உண்டு, இது ஐரோப்பியர்களுக்குப் புரியாதது. அங்கே கிளப் தன் கைக்காசைப் போட்டுப் பிள்ளையைப் பயிற்றுவிக்கிறது, அதனால் இழப்பு, அதனால் இழப்பீடு. அமெரிக்க ஊர்க் கிளப்பில் பயிற்சிக்குக் காசு போட்டவர் தகப்பனார். சந்தா, சீருடை, பயிற்சியாளர் சம்பளம், அடுத்த மாநிலத்து ஹோட்டல் அறை எல்லாம் அவர் தலையில். அப்படியானால் இழந்தது யார்? ஃபிஃபா விதியில் பெற்றோருக்கென்று ஒரு வரி கிடையாது. பங்கு வந்தால் சந்தாவைக் குறைப்போம் என்கின்றன கிளப்புகள். குறைப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பணம் வராதவரை குறைக்கவே மாட்டார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இதற்கிடையில் லீக் என்ன செய்தது? முதலில் இந்த விதிகளின் பக்கமே போகவில்லை. பிறகு சொந்த அகாடமிகளில் இலவசமாகப் பிள்ளைகளை வளர்க்க ஆரம்பித்தார்கள். வெஸ்டன் மெக்கென்னி எஃப்சி டல்லாஸ் அகாடமியில் வளர்ந்து, 2016-இல் டல்லாஸுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காமல் ஜெர்மனியின் ஷால்காவுக்குப் போனார். அப்படிப் பலர் போகத் தொடங்கியதும் ஞானோதயம் பிறந்தது. 2019 ஏப்ரலில், இனி எங்கள் கிளப்புகள் பயிற்சி இழப்பீடும் சாலிடாரிட்டி தொகையும் கேட்கும் என்று லீக் அறிவித்தது. அதுவரை சட்டம் தடுக்கிறது என்ற பேச்சு இருந்த அதே நாட்டில்தான்.

இதில் என்னை உறுத்துவது இதுதான். பிள்ளை லீக் அகாடமியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனால் இழப்பீடு வேண்டும். அதே பிள்ளையை ஊர்க் கிளப்பிலிருந்து லீக் அகாடமி பதின்மூன்று வயதில் எடுத்துக்கொண்டால் ஊர்க் கிளப்புக்கு எதுவும் இல்லை. உள்நாட்டில் அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. போதாததற்கு, லீக் கிளப்புகளுக்கென்று பிரதேசம் பிரித்து, அங்கே குடியிருக்கும் பையன்மேல் முதல் உரிமையும் வைத்துக்கொண்டார்கள்.

2022 நவம்பர் முதல் பாரிஸில் ஃபிஃபாவின் கிளியரிங் ஹவுஸ் இயங்குகிறது. டிரான்ஸ்ஃபர் நடந்தால் கணக்கு தானாகவே போடப்படும், சிறு கிளப் வக்கீல் வைத்து அலைய வேண்டாம் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஒரு காகிதம் மட்டும் சரியாக இருந்தால். அதற்குப் பெயர் ஆட்டக்காரர் பாஸ்போர்ட். பன்னிரண்டு வயதிலிருந்து எந்தத் தேதியில் எந்தக் கிளப்பில் பதிவு, எந்தத் தேதியில் விலகல், அமெச்சூரா தொழில்முறையா என்று வரிவரியாக இருக்கும் பட்டியல். ஒரு வரி விடுபட்டால் அந்த ஆண்டின் பணம் கிளப்புக்கு இல்லை. அமெரிக்காவிலோ சிறுவர்களைப் பதிவுசெய்வது ஒரே அமைப்பு அல்ல. யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ என்று ஆளுக்கொரு பதிவேடு. ஒரே பையன் ஒரே ஆண்டில் இரண்டு அட்டையோடு ஆடுவதும் உண்டு. டெக்ஸாஸ் தகப்பனாருக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை: மகனின் பதிவு அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வளர்ச்சியே இல்லையா என்றால், இருக்கிறது. 2007-இல் லீக்கில் சேர்ந்த டொரன்டோ கட்டிய நுழைவுத் தொகை 1 கோடி டாலர். 2025-இல் முப்பதாவது அணியாக வந்த சான் டியேகோ கட்டியது 50 கோடி. அந்தப் பணம் ஏற்கெனவே உள்ள முதலாளிகளுக்குப் போகிறது. இதைத்தான் பெரும்பாலான அறிக்கைகள் கால்பந்து வளர்ச்சி என்கின்றன. கீழே தள்ளப்படும் பயம் இல்லாத லீக்கில், தோற்ற அணிக்கும் அதன் மதிப்பு ஏறுகிறது. பிள்ளைகளை வளர்த்து விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருக்கும் போர்ச்சுகல், நெதர்லாந்துக் கிளப்புகளுக்கு உள்ள அவசரம் அங்கே பலருக்கு இல்லை. ஃபிலடெல்ஃபியா யூனியன் போல மனமுவந்து அந்த வழியில் போகிறவர்கள் உண்டு. கேவன் சல்லிவன் 2024 ஜூலையில் 14 வயதில் அங்கே களமிறங்கி, லீக்கின் மிக இளைய ஆட்டக்காரர் என்று ஃப்ரெடி அடு இருபது ஆண்டுகள் வைத்திருந்த சாதனையை முறித்தார். 18 வயதில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போக இப்போதே ஏற்பாடு.

இனி மற்ற கடிதங்கள்.

ஆகஸ்ட் 1 என்ன மாற்றம்? 2017 முதல் ஜனவரி–டிசம்பர் என்றிருந்த பிறந்த ஆண்டுக் கணக்கு, பெரும்பாலான அமைப்புகளில் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று பள்ளி வகுப்பை ஒட்டி மாறுகிறது. ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பிறந்த பிள்ளை ஒரு பிரிவு கீழே இறங்கும், கையெழுத்துப் போடும் முன் உங்கள் லீக்கில் எது என்று கேளுங்கள்.

சந்தா ஏன் இவ்வளவு? கட்டுகிறோம், அதனால்.

சம்மேளனம் 2007-இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி என்ன ஆயிற்று? 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி மூடினார்கள். பையன்கள் பக்கம் லீக்கின் எம்எல்எஸ் நெக்ஸ்ட் அந்த இடத்தைப் பிடித்தது.

பெண்கள் கால்பந்தில் பயிற்சி இழப்பீடு? ஃபிஃபா விதியிலேயே கிடையாது, அமெரிக்க வீராங்கனை நவோமி கிர்மா 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலரைத் தாண்டி விலைபோன பிறகும்.

மேலேறுதல், கீழிறங்குதல் அமெரிக்காவில் எப்போதாவது வருமா? இரண்டாம் நிலை யுஎஸ்எல் 2025 மார்ச்சில் வாக்கெடுத்து ஒப்புக்கொண்டது. மேஜர் லீக் அதில் சேரவில்லை.

லீக்கின் பருவம் மாறுகிறதாமே? ஆமாம், 2027 கோடையிலிருந்து ஐரோப்பாவைப் போல.

அட்லாண்டா அருகே புதுத் தேசியப் பயிற்சி மையம் கட்டியிருக்கிறார்களே? கட்டடம் அழகாக இருக்கிறது, நாகடோச்சஸிலிருந்து தூரம்.

மெஸ்ஸி ஏன் பிறக்கவில்லை? அர்ஜென்டினாவிலும் ஒருவர்தான் பிறந்தார். அவருடைய ஹார்மோன் சிகிச்சைச் செலவை ஏற்க ஒரு கிளப் இருந்தது, அது பார்சிலோனாவில்.